கரையில் இருக்க ஓர் ஆள்

விழுப்புரம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் கலைமதி படகு வாங்கியிருக்கிறாள் என்ற செய்தி பார்சல் ஆபீஸ் வழியாகத்தான் வெளியே கசிந்தது. கேரளத்திலிருந்து வந்து இறங்கிய அந்தப் படகு செக்கச்செவேலென்று இருந்தது. ஒன்றரை ஆள் நீளம், நடுவில் ஒரே ஓர் ஓட்டை. இறக்கிவைத்த போர்ட்டர் அதைப் பிள்ளைகளைக் குளிப்பாட்டும் தொட்டி என்றார். இன்னொருவர், இல்லை, ஏதோ கோயிலுக்குச் செய்த வாகனம் என்று அடித்துப் பேசினார். ஏரியே வற்றிக் கிடக்கிற ஊரில் படகா என்று எல்லோரும் சிரித்தார்கள். இதில் ஓர் ஆள் மட்டும்தான் உட்கார முடியும் என்று கலைமதி விளக்கியதும், அப்படியானால் மேடத்துக்கு அளவெடுத்துச் செய்ததுதான் என்று யாரோ சொன்னார்கள். சொன்னவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. அதனாலேயே அது கூடுதலாக வலித்தது.

அவளுக்கு முப்பத்தேழு வயது. சென்னையில் கல்லூரியில் படித்தபோது துடுப்புப் போட்டிகளில் மெடல் வாங்கியவள். அந்த மெடல்தான் விளையாட்டுக் கோட்டாவில் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது. வேலை வந்தது, துடுப்பு போனது. பிறகு அப்பா போனார். அம்மா படுக்கையில் கிடந்த வருஷங்களில், பெண் கேட்டு வந்துகொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். அம்மாவும் போனபின், திண்டிவனத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் அவள் மட்டும் மிஞ்சினாள். காலையில் ரயிலேறி விழுப்புரம் போவாள், சாயங்காலம் ரயிலேறித் திரும்புவாள். கவுண்டரில் நாள் முழுக்க ஜனங்களோடு பேச்சுதான். ஆனால் எந்த ஊர், எத்தனை பேர் என்பதைத் தாண்டி அந்தப் பேச்சு ஓர் அங்குலம் நகர்ந்ததில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் அதுவும் கிடையாது. குக்கரோடு பேசுகிற அளவுக்கு இன்னும் முற்றவில்லை. அது விசிலடித்தால் ‘இரு, வர்றேன்’ என்பாள், அவ்வளவுதான்.

சில வருஷங்களுக்கு முன்னால், லீவு வீணாகப் போகிறதே என்று கேரளத்தில் ஒரு முகாமுக்குப் போனாள். மழைக்காலத்தில் மலையாற்றில் படகு விடக் கற்றுக்கொடுக்கும் முகாம் அது. கல்லூரியில் அவள் துடுப்புப் போட்டதெல்லாம் அசையாத தண்ணீரில். இங்கே தண்ணீர் பாறையில் மோதி வெள்ளை நுரையாகச் சரிந்து ஓடியது. பயந்தாள், கவிழ்ந்தாள், மூக்கு வழியாகப் பாதி ஆற்றைக் குடித்தாள். ஆனாலும் அவளை அங்கே கட்டிப்போட்டது தண்ணீர் அல்ல, ஒரு சைகை.

மலையாற்றில் யாரும் தனியாகப் போவதில்லை. முன்னால் போகிறவர் ஒரு சரிவைத் தாண்டியதும், பாறைக்குப் பின்னால் தண்ணீர் தணிந்து சுழலும் இடத்தில் படகைத் திருப்பி நிறுத்துவார். பின்னால் வருகிறவரைப் பார்த்து, உள்ளங்கையைத் தன் ஹெல்மெட்டின் உச்சியில் வைப்பார். ‘நல்லா இருக்கியா?’ என்று அர்த்தம். பதிலுக்கு வருகிறவரும் தலையில் கை வைத்துக் காட்ட வேண்டும். ‘நல்லா இருக்கேன்.’ பதில் வரவில்லையென்றால் மொத்தக் கூட்டமும் தேடிக்கொண்டு வந்துவிடும். நம் ஊரில் தலையில் கை வைத்தால் குடி முழுகிவிட்டது என்று பொருள், அங்கே நேர்மாறு. முதல் நாள் அவளை எத்தனை பேர், எத்தனை தடவை அப்படிக் கேட்டார்கள் என்பதற்குக் கணக்கில்லை. சாயங்காலம் ஈரத்துணியோடு ஒரு பாறையில் உட்கார்ந்து அழுதாள். மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தாள்.

அடுத்த மழைக்காலங்களில் அந்தக் கூட்டத்தோடு சின்ன ஆறுகளில் போய்வந்தாள். இந்த ஆகஸ்டில் பாரபோளேயில் இறங்குவதாகத் திட்டம். குடகு மலையில் பிறந்து கேரளத்துப் பக்கம் சரிகிற ஆறு அது. மழை பிடித்துக்கொண்டால் முரட்டு ஆறு. திட்டம் போட்டவன் கோயம்புத்தூர்க்காரன் பிரவீன்குமார். அவளைவிட இளையவன், ஆனால் ஆற்று விஷயத்தில் கறார். தண்ணீர் எவ்வளவு இருந்தால் இறங்கலாம், எவ்வளவு ஏறினால் திரும்பிவிட வேண்டும், யார் முன்னால் போவது, யார் கடைசி, தவறி விழுந்தவருக்கு வீசுகிற கயிறு யாரிடம், வண்டி எந்தப் பாலத்தடியில் காத்திருக்கும் என்று எல்லாம் போனிலேயே பேசி முடிவானது.

பழைய வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து அந்த ஆறு அவளுக்கு மனப்பாடம். படகுகள் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக இறங்க வேண்டிய சரிவுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ரேஷன் கடை. எந்தப் பக்கம் ஒதுங்கிப் போனாலும் இடிக்கிற பாறைக்குப் பெயர் மாமியார். மாமியாரைத் தொடாமல் தாண்டியவர்கள் அந்தக் கூட்டத்தில் குறைவு. காலை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மயிலத்தில் கண்ணை மூடினாளென்றால் விக்கிரவாண்டி வருவதற்குள் மாமியாரையும் தாண்டிவிடுவாள். பையைப் பிடித்திருக்கும் கைகள் துடுப்புப் பிடிப்பதுபோல் லேசாகத் திரும்பும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் தள்ளி உட்காருவார். அதைப் பற்றியெல்லாம் அவளுக்குக் கவலையில்லை. அந்த ஆகஸ்டு மாதத்து ஒரே ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தபோதுதான் பிரவீன்குமார் கடைசி விஷயத்தைச் சொன்னான். ஆற்றில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஒரு கரை ஆள் வேண்டும். ஆற்றுக்கு வரத் தேவையில்லை, வீட்டிலேயே இருக்கலாம். அன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் ‘கரையேறிவிட்டேன்’ என்று அவருக்குப் போன் போகும். போகவில்லையென்றால் அவர் பிரவீன்குமாருக்குப் பேச வேண்டும், அவன் எடுக்காவிட்டால் வண்டி டிரைவருக்கு, அவரும் எடுக்காவிட்டால் அந்த ஊர் போலீசுக்கு. ஆள் கிடைக்கும்வரை விடக்கூடாது. எப்போதோ ஒரு கூட்டம் பள்ளத்தாக்கில் மாட்டிக்கொண்டு, தேட ஆள் வராமல் கிடந்ததாம். கூடப் போன மற்றவர்களின் வீட்டார் தேடுவார்கள் என்று ஒவ்வொரு வீடும் சும்மா இருந்துவிட்டது.

“நம்மளக் காணோம்னா நெசமாவே பதறுற ஆளாப் பாத்து நம்பர் குடுங்கக்கா,” என்றான். “ஞாயித்துக்கிழமைக்குள்ள குடுத்துருங்க. நான் ஒருக்கா பேசிப் பாத்துக்குவேன்.”

மற்றவர்கள் அன்றைக்கே மனைவி, புருஷன், அம்மா என்று அனுப்பிவிட்டார்கள். கலைமதி போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தான் வீடு திரும்பாவிட்டால் முதலில் யாருக்குத் தெரியும்? பால் பாக்கெட் போடுகிறவர், எடுக்காத பாக்கெட்டைப் பார்த்து, ஊருக்குப் போயிருக்கும் என்று நினைப்பார். ஆபீசில் ஆப்சென்ட் போடுவார்கள். கீழ்வீட்டுக்காரர்களுக்கு மேல்தொட்டித் தண்ணீர் இரண்டு நாள் கூடுதலாக வரும், சந்தோஷப்படுவார்கள். இதற்கு மேல் அவளுக்கு யோசிக்கப் பிடிக்கவில்லை.

சென்னையிலிருக்கும் அண்ணன் நெடுஞ்செழியனைக் கூப்பிட்டாள். நல்ல மனிதர்தான். இந்த வயதில் உனக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒரு வார்த்தை சொன்னார். பின்னாலிருந்து அண்ணி சிரித்தது கேட்டது. பிறகு, அன்றைக்கு மச்சான் வீட்டில் காதுகுத்து இருக்கிறது, போன் எடுக்க முடியுமோ என்னவோ, எதற்கும் ஒரு மெசேஜ் போட்டுவிடு, பார்த்துக்கொள்கிறேன் என்றார். தினமும் காலையில் அவர் அனுப்புகிற குட் மார்னிங் படம் போலத்தான் இதுவும். அன்பு இருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

மறுநாள் பக்கத்துக் கவுண்டர் ஆனந்தராஜிடம், ஒரு போன் வரும், சரி என்று மட்டும் சொல்லிவிடுங்கள் சார் என்று கேட்டுக்கொண்டாள். அவர் சில்லறை எண்ணியபடியே தலையாட்டினார். அன்று சாயங்காலமே பிரவீன்குமார் கூப்பிட்டான். குரலில் சங்கடம் இருந்தது.

“அக்கா, அந்த சார்கிட்டப் பேசுனேனுங்க. உங்க பேரச் சொன்னதும், எந்தக் கலைமதின்னு கேட்டாருங்க.”

வருஷக்கணக்காகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அங்கே அவள் எப்போதும் ‘மேடம்’தான்.

“கோச்சுக்காதீங்க. ஆள் இல்லீன்னா இந்த வருசம் வேண்டாங்க்கா,” என்றான் அவன். “உங்கள மட்டும் எறக்கிட்டு நான் நிம்மதியா இருக்க முடியாதுங்க.”

அவளுக்கு அவமானமாக இருந்தது. ஆற்றுக்குப் பயந்து பின்வாங்கினால்கூட மானம் மிஞ்சும். தேட ஆளில்லை என்பதற்காகக் கரையில் நிற்பதை யாரிடம் போய்ச் சொல்வது? சொல்ல ஆளிருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பிரம்மதேசம் பக்கம் போனாள். அங்கே நடராசன் என்ற விவசாயியின் நிலத்தில் பெரிய சதுரக் கிணறு ஒன்று உண்டு. வீடூர் அணை வற்றியதிலிருந்து அவளுக்கு அதுதான் ஆறு. படகு அவருடைய மோட்டார் கொட்டகையில் சாக்குமூட்டைகளுக்கு நடுவில் கிடக்கும். அதைக் கயிற்றில் கட்டி இறக்குவாள். செருப்பை மேட்டில் விட்டுவிட்டுக் கல்படி வழியாகத் தானும் இறங்கி உட்காருவாள். தண்ணீர் உள்ளே புகாமலிருக்க, இடுப்பிலிருக்கும் ரப்பர்ப் பாவாடையைப் படகின் வாயோடு இழுத்து மாட்டிக்கொள்வாள். பிறகு வேண்டுமென்றே கவிழ வேண்டும். தலைகீழாகத் தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டு, பதறாமல், துடுப்பால் தண்ணீரை அழுத்தி இடுப்பை ஒரு வெட்டு வெட்டினால் படகு நிமிர்ந்துவிடும். மலையாற்றில் உயிர் காப்பது இந்த வித்தைதான்.

வழக்கமாக நடராசன் கிணற்று மேட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். இன்று திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். தூரத்தில், மல்லாட்டை என்று அங்கே சொல்கிற வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுக்கும் பெண்களின் முதுகுகள் மட்டும் தெரிந்தன.

முதலில் நன்றாகத்தான் எழுந்தாள். பிறகு, இனி எதற்கு இந்தப் பயிற்சி என்ற நினைப்பு வந்ததும் கையில் வலு போயிற்று. மறுபடி கவிழ்ந்தாள். கிணற்றுக்குள் தலைகீழாக இருக்கும்போது ஒரு சத்தமும் கிடையாது. பச்சையாக ஓர் இருட்டு. இங்கே யாரும் தலையில் கை வைத்து அவளைக் கேட்கப் போவதில்லை. துடுப்பு கையிலிருந்து நழுவியது. நழுவுவது தெரிந்தது, பிடிக்கத் தோன்றவில்லை. ரப்பர்ப் பாவாடையின் நாடாவைப் பிடித்து இழுத்தால் உடனே வெளியே வந்துவிடலாம், அது அவளுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். கை நாடாவுக்குப் போகவில்லை. அவள் சாக நினைக்கவில்லை. அதைச் சத்தியம் பண்ணியே சொல்லலாம். மேலே போக அவசரம் ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தாள்.

அப்போது கிணற்றுச் சுவரே இடிந்து விழுந்ததுபோல் ஒரு சத்தம். யாரோ அவளுடைய மிதவைச் சட்டையைக் கொத்தாகப் பற்றி இழுத்தார்கள். பதறிப்போய் நாடாவைத் தேடி இழுத்தாள். இரண்டு தலைகள் படகுக்குப் பக்கத்தில் இருமிக்கொண்டு வெளியே வந்தன.

இன்னொரு தலை வீரம்மாளுடையது. களை எடுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி. ஐம்பதைத் தாண்டியவள், கட்டிய புடவையோடு குதித்திருந்தாள். தண்ணீர் மொள்ள வந்தவள் கண்ணில் பட்டது கவிழ்ந்த படகும், தனியாக மிதந்த துடுப்பும், மேட்டில் கிடந்த ஒரு ஜோடிச் செருப்பும். கிணற்று மேட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பெண் காணாமல் போனால், அந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கல்படிக்கு இழுத்து வந்து போட்டதும் முதல் வேலையாகக் கலைமதியின் கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

“எந்தக் கஷ்டமா இருந்தாலும் வாயத் தொறந்து சொல்றதுக்கென்னா? கெணறு வந்து தீத்து வெக்குமா உனுக்கு?”

சத்தம் கேட்டு மற்ற பெண்களும் ஓடிவந்து மேலிருந்து எட்டிப் பார்த்தார்கள். இருமலுக்கு நடுவில் கலைமதி பயிற்சியைப் பற்றி விளக்கினாள். ரோஜா என்ற ஒருத்தி, இந்த மேடம் வாராவாரம் வந்து இப்படித்தான் குட்டிக்கரணம் போடும், நடராசன் சொல்லியிருக்கிறார் என்றாள். மேலே ஒரே சிரிப்பு. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது, இனி களை எடுத்து முடிகிறவரை அதுதான் பேச்சு. அவர்கள் கொல்லைக்குத் திரும்பிய பிறகும் வீரம்மாள் எழுந்திருக்கவில்லை. படியிலேயே உட்கார்ந்து முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவும் இல்லை.

“வெளையாட்டுன்ற. சரி,” என்றாள். “அவ்ளோ நேரம் ஏன் மேல வரல?”

கலைமதி படியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தாள்.

“முன்ன ஒருத்தி இப்பிடித்தான் கெணத்து மேட்டுல குந்திக்கினு இருந்தா. நமக்கென்னான்னு நான் களையப் புடுங்கிக்கினு இருந்துட்டேன்,” என்றாள் வீரம்மாள். மறுபடி முந்தானையைப் பிழியத் தொடங்கினாள்.

கலைமதிதான் பேசினாள். எங்கே தொடங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. பாரபோளே, மாமியார் பாறை, தலையில் கை வைக்கிற சைகை, அம்மா, அண்ணன் சொன்ன காதுகுத்து, எந்தக் கலைமதி என்று கேட்ட ஆனந்தராஜ், எல்லாம் முன்னுக்குப் பின்னாக வந்தன. கன்னம் எரிந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. வீரம்மாள் பாதி புரிந்தும் புரியாமலும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் கலைமதி, அந்தக் கரை ஆளாக நீங்கள் இருக்க முடியுமா அக்கா என்று கேட்டேவிட்டாள்.

“எனுக்கு ஆறும் தெரியாது, இந்தச் செவப்பு டப்பாவும் தெரியாது. போன்ல பேசணும், அவ்ளோதானே?”

“அவ்ளோதாங்க்கா. ஆறு மணிக்குள்ள நான் கூப்புடலன்னா, அந்தத் தம்பிக்குப் போட்டுக் கேக்கணும்.”

கேட்பதற்கு என்ன, கேட்டால் போச்சு என்றாள் வீரம்மாள். தூக்குவாளிக்குப் பக்கத்தில் வரப்பில் வைத்திருந்த பட்டன் போனை எடுத்துவந்து, எந்த நம்பர், போடு இதில் என்று நீட்டினாள்.

வீரம்மாளின் நம்பரைக் கலைமதி அனுப்பிய கொஞ்ச நேரத்திலேயே பிரவீன்குமார் அதில் பேசினான். அந்தப் போனில் எல்லாமே ஊருக்குக் கேட்கிற சத்தம்தான். பெயர் கேட்டான், ஊர் கேட்டான், சாயங்காலத்தில் வீட்டில் இருப்பீர்களா என்று கேட்டான். பிறகு, கலைமதி பயந்துகொண்டிருந்த கேள்விக்கு வந்தான். நீங்கள் அவருக்கு என்ன உறவு?

பொய் சொல்லச் சொல்லியிருக்கலாம், சித்தி என்றாவது, என்று கலைமதிக்குப் பட்டது.

“உறவு என்னா உறவு,” என்றாள் வீரம்மாள். “இது எங்க கெணத்துல எறங்குற பொண்ணு. எறங்குனா ஏறி வரணும். வரலன்னா உன்னத்தான் கேப்பேன்.”

அந்தப் பக்கமிருந்து வேறு கேள்வியே வரவில்லை.

“அக்காவ ஆத்துக்கு வரச் சொல்லிருங்கம்மா,” என்றான் பிரவீன்குமார்.

செவ்வாய்க்கிழமை சாயங்கால ரயில் பேரணி ஸ்டேஷனில் போய் நின்றது நின்றதுதான். சிக்னல் கோளாறு என்றார்கள். கலைமதி கண்ணை மூடி ரேஷன் கடைச் சரிவு வரைக்கும் போய்விட்டு, மணி என்ன ஆகிறது என்று பார்க்கப் போனை எடுத்தாள். கவுண்டரில் இருந்தபோது சத்தத்தை நிறுத்தி வைத்தவள் திரும்பப் போட மறந்திருந்தாள். வீரம்மாளிடமிருந்து வரிசையாக மிஸ்டு கால். பிரவீன்குமாரிடமிருந்தும். என்னவோ ஏதோ என்று வீரம்மாளைக் கூப்பிட்டாள்.

“எங்க இருக்க நீ?” என்று வந்தது குரல். “மணி ஆறு தாண்டிப்போச்சி, போனக் காணோம். நேத்தும் பண்ணல. சரி, வேலையா இருக்கும்னு வுட்டேன். இன்னிக்கி அந்தத் தம்பிக்குப் போட்டுக் கேட்டா, எனுக்குத் தெரியாதுங்குது. பேஜாரு புடிச்ச ஆளா இருக்கான். அடுத்து போலீசுக்குத்தான்னு உக்காந்துக்கினு இருக்கேன்.”

“அக்கா, அது ஆகஸ்டு மாசம்தான்…” என்று கலைமதி தொடங்கினாள். ஆற்றுக்குப் போகிற அந்த ஒரு நாளைக்கு மட்டும்தான், தினமும் இல்லை, என்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு எளிய விஷயம்தான்.

“வண்டி லேட்டுக்கா,” என்றாள். “பேரணியில நிக்குது. வூட்டுக்குப் போனதும் பேசறேன்.”

“பேசு. பேசுனப்பறம்தான் சோத்துல கை வெப்பேன்.”

போனை மடியில் வைத்தாள். வண்டி இன்னும் நகரவில்லை. வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. அவளறியாமல் கை மேலே போய் உச்சந்தலையில் உட்கார்ந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வேறு இறங்கியது. எதிர் சீட்டில் மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டிருந்தவர் அதைப் பார்த்துவிட்டு உரிப்பதை நிறுத்தினார். தலையில் கை வைத்து அழுகிற பெண்ணிடம் எப்படிக் கேட்பது என்று கொஞ்சம் தயங்கி, ஏதும் கெட்ட சேதியாம்மா என்று கேட்டார்.

“இல்லீங்க,” என்றாள் கலைமதி. “நல்லா இருக்கேன்.”